நாண் யார் கையில்?

"அவன் வெறும் பொம்மை!" ஒருவனை இழித்துரைக்க நம்மவர் வழங்கும் சொற்களுள் இதைவிடக் கூரியது உண்டா? திருடன் என்றால் சினம் கொள்வான். மூடன் என்றால் முகம் சுளிப்பான். பொம்மை என்றாலோ கூனிக் குறுகிப் போவான். காரணம் தெளிவு. திருடனுக்கும் சொந்தக் கை உண்டு. மூடனுக்கும் சொந்த வாய் உண்டு. பொம்மைக்கோ கையும் தனதன்று, வாயும் தனதன்று. பிறர் ஆட்ட ஆடுவதும், பிறர் பேசத் தான் பேசுவதுபோல் தோன்றுவதுமே அதன் வாழ்வு.

அப்படியானால், பிறர் எழுதிய சொல்லை, பிறர் முகத்துக்காக, கூலி பெற்றுக்கொண்டு பேசும் மனிதரை என்னவென்று அழைப்பது? திரைப்படத்துக்கும் தொலைக்காட்சித் தொடருக்கும் விளம்பரத்துக்கும் பின்னணிக் குரல் கொடுப்போர் இன்று சென்னையில் பலர். சொல் அவர்களுடையதன்று, முகம் அவர்களுடையதன்று, குரல் மட்டுமே அவர்களுடையது. அவர்கள் பொம்மைகளா? பேசிய சொல்லுக்கு அவர்கள் பொறுப்பாளிகளா? அல்லது, "நான் வெறும் குரல்தான், கேள்வி கேட்பதானால் எழுதியவனைக் கேள்" என்று அவர்கள் ஒதுங்கிக்கொள்ளலாமா?

இது யாரோ சிலருடைய தொழிற் சிக்கல், நமக்கென்ன என்று தள்ளிவிட வேண்டா. மேடையேறிப் பேசும் இளைஞர்கள், வீடு வீடாகத் துண்டறிக்கை கொடுக்கும் தோழர்கள், பாடநூலைக் கையிலேந்தி வகுப்பறையில் நிற்கும் நம்போன்ற ஆசிரியர்கள் ஆகிய யாவரும் ஏதோ ஒரு வகையில் பிறர் சொல்லைப் பேசுகிறவர்களே. ஆகவே குரலை விற்று வாழ்பவரின் வழக்கை விசாரிக்கும்போது, கூண்டில் நாமும் நிற்கிறோம் என்பதை மறவாமல் விசாரிப்போம்.

முதற் குற்றச்சாட்டு இது: இரவல் குரல் என்பதே பொய்யன்றோ? ஒருவர் வாயசைக்க, வேறொருவர் பேச, இருவரும் ஒருவரே என்று நம்மை நம்பவைப்பது ஏமாற்று அன்றோ?

திரை வரலாற்றில் இதற்கு விடையாக ஒரு வேடிக்கை இருக்கிறது. 1943-ஆம் ஆண்டில் கன்னடத்தில் வெளிவந்த அரிச்சந்திரன் கதைப் படத்துக்குத் தமிழ்க் குரல்களை ஏற்றி, 1944-இல் ஏ. வி. மெய்யப்பன் தமிழ்நாட்டில் வெளியிட்டார். இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் குரல் மாற்றப்பட்ட முதற் படம் என்று அதனைக் குறிப்பிடுவர். பொய்யே பேசாதவன் என்று புராணம் போற்றும் மன்னன், அந்தப் படத்திலே இரவல் குரலில் உண்மை பேசினான்! வாய் ஒருவருடையது, வாய்மை மற்றொருவருடையது! கொட்டகையில் அமர்ந்திருந்தவர் எவரும், "ஐயோ, ஏமாந்தோம்" என்று எழுந்து ஓடியதாகத் தெரியவில்லை. ஏன்? கதை என்று தெரிந்துதான் சீட்டு வாங்கினார்கள். நடிப்பு என்று தெரிந்துதான் கண்ணீர் விட்டார்கள்.

புனைவு வேறு, பொய் வேறு. புனைவிலே கயிறு இருப்பது இரு தரப்பாருக்கும் தெரியும். பொய்யிலே, பிடித்திருப்பவனுக்கு மட்டுமே தெரியும். குரல் இரவல் என்பதால் குற்றமில்லை. எது குற்றம், எங்கே குற்றம் என்று காண, அந்தத் தொழிலுக்குள் சற்றே நுழைந்து பார்க்க வேண்டும்.

கண்ணாடி மறைப்புக்குள் ஓர் அறை, எதிரே திரை, காதிலே மூல மொழியின் ஓசை, கையிலே தமிழ் உரையாடல் தாள். திரையில் இருப்பவர் வாய் திறக்கும் நொடியில் இவர் திறக்க வேண்டும். அவர் மூடும் நொடியில் மூட வேண்டும். பகரமும் மகரமும் இதழோடு இதழ் பொருந்தப் பிறப்பன என்று தொல்காப்பியத்துப் பிறப்பியல் வகுத்துரைக்கிறது. அந்த இலக்கணம் ஏட்டில் உறங்குகிறது என்று எண்ணுவோர் ஒலிப்பதிவுக் கூடத்துக்குச் சென்று பார்க்கட்டும்! திரையிலே உதடு ஒட்டாத இடத்தில் இவர் 'அம்மா' என்றால் குட்டு வெளிப்பட்டுவிடும். உதடு ஒட்டாமல் ஒலிக்கும் சொற்களையே தொடுத்துப் பாடுவதை 'இதழகல்' என்று தனியொரு பாவகையாக்கிப் பெருமை கொண்டார்கள் பழம் புலவர்கள். அந்த அருஞ்செயலைச் சாலிகிராமத்துச் சந்துகளில் நாள்தோறும் நொடிக்கணக்கில் செய்து முடிப்போருக்கோ பட்டமும் இல்லை, பரிவட்டமும் இல்லை.

அதுமட்டுமா! முன்னெல்லாம் எல்லோரும் ஒன்றாக நின்று பேசினார்கள். இன்றோ ஒவ்வொருவரும் தனித்தனியே வந்து, தம் பகுதியைப் பேசிவிட்டுப் போகிறார்கள். கணவன் திங்களன்று கோபித்துக்கொள்வான். மனைவி புதனன்று பதில் சொல்வாள்! எதிரே ஆளில்லாத சண்டை, தோள் இல்லாத அழுகை. அவ்வளவையும் தொண்டை ஒன்றைக் கொண்டே ஆக்கிக் காட்ட வேண்டும். இதைப் பொம்மையின் வேலை என்று சொல்லும் நாக்கு, ஒருமுறை அந்த அறைக்குள் நின்று பேசிப் பார்க்கட்டும்.

நமக்குப் பழக்கமான குரல் கலைஞர் ஒருவர் உண்டு. ஐம்பதை நெருங்குபவர், கால் நூற்றாண்டாக இதே தொழில். நம் பள்ளிக் குழந்தைகளுக்குப் பொம்மை நாடகம் நடத்திக் காட்ட வந்தவர் என்ற முறையில் அறிமுகமானார். பொம்மை செய்வது அவருக்குப் பொழுதுபோக்கு. குரல் கொடுப்பது பிழைப்பு. அவருடைய ஒரு வார வாழ்வைக் கேட்டறிந்தோம்.

திங்களன்று, இந்தியிலிருந்து தமிழுக்கு வரும் தொடர் ஒன்றில் மருமகளை மிரட்டும் மாமனார். செவ்வாயன்று, குழந்தைகளுக்கான சித்திரப் படத்தில் தேன் திருடும் கரடி. புதனன்று, அயல்நாட்டுப் படத்தில் ஊரையே கொளுத்தும் கொலைகாரன். நாள் முழுதும் அலறி, மாலையில் தொண்டை கட்டி, வெந்நீரைக் குடித்துக்கொண்டு சைகையில் பேசுவார். வெள்ளியன்று கூட்டக் குரல். பத்துப் பேர் ஒலிவாங்கியைச் சுற்றி நின்று, நெருங்கியும் விலகியும், குரலை மாற்றியும் மூன்று முறை கூவினால் திரையிலே ஊரே திரண்டுவிடும். 'வாழ்க' என்று கூவியவரே அடுத்த காட்சியில் 'ஒழிக' என்றும் கூவுவார். சனியன்று வேலையில்லை, தொலைபேசி ஒலிக்குமா என்று காத்திருப்பதே வேலை. பேசிய அளவுக்குத்தான் ஊதியம். பேசாத நாளுக்கு இல்லை. மாத முடிவில் இவ்வளவு வரும் என்ற உறுதியில்லை.

வியாழனை விட்டுவிட்டோமே என்று கேட்பீர்கள். வியாழன் விளம்பர நாள். நம் வழக்கின் உயிர்நாடி அங்கேதான் இருக்கிறது.

ஒரு வியாழனன்று, சர்க்கரை நோயை வேரோடு அறுத்தெறியும் என்று ஒரு மருந்துப் பொடிக்குப் பேசச் சொன்னார்கள். அரை நிமிடப் பேச்சு. தொடரில் இரண்டு நாள் தொண்டை வறளப் பேசினாலும் கிடைக்காத ஊதியம். தாளை இருமுறை படித்தார், மேசைமேல் வைத்தார், "என்னால் இயலாது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டார். அதன்பின் அந்தக் கூடத்திலிருந்து அவருக்கு அழைப்பு வரவில்லை. மறுவாரமே அந்த விளம்பரம் வேறொரு குரலில் ஒலித்தது.

நாம் கேட்டோம்: "எத்தனையோ கொலைகாரர்களுக்குக் குரல் கொடுத்திருக்கிறீர்கள், ஐயா. அப்போதெல்லாம் வராத தயக்கம் ஒரு பொடிக்கு மட்டும் ஏன் வந்தது?"

அவர் சிரித்தார். "கொலைகாரனுக்கு நான் பேசினால் கொட்டகையில் எவரும் சாவதில்லை, தம்பி. இந்தப் பேச்சைக் கேட்டுவிட்டு யாரோ ஒருவர் மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டால்?"

ஏடுகள் பல புரட்டினாலும் இதைவிடத் தெளிவாக இந்த வேறுபாட்டை நாம் கண்டிருப்போமா என்பது ஐயமே. கதையிலே வரும் கொடியவனின் சொல் கதைக்குள்ளேயே முடிகிறது. விளம்பரத்தின் சொல்லோ கேட்பவரின் வீட்டுக்குள் நுழைகிறது. அவருடைய பணப்பையைத் திறக்கிறது. அவருடைய உடம்புக்குள் இறங்குகிறது. முன்னதில் கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, பின்னதில் மறைக்கப்படுகிறது. ஆகவே குரல் கொடுப்பவர் தமக்குள் கேட்க வேண்டிய கேள்வி, "நான் பேசுவது நல்லவன் சொல்லா, கெட்டவன் சொல்லா?" என்பதன்று. "இது கதை என்று கேட்பவருக்குத் தெரியுமா?" என்பதே.

இங்கே எதிர்வாதம் எழும். "சொல் எழுதியவனுடையது, சரக்கு முதலாளியுடையது, இடையில் குரலைத் தந்த கூலியாள்மீது பழி ஏன்? கடிதத்தைக் கொண்டுவந்த தபால்காரரா கடிதத்தில் உள்ள பொய்க்குப் பொறுப்பு?" என்பர்.

பொருத்தமான கேள்விதான், உவமைதான் பொருந்தவில்லை. தபால்காரர் உறையைப் பிரிப்பதில்லை. உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாது. கொண்டுவருவதோடு சரி, எதையும் கூட்டுவதில்லை. குரல் கலைஞரோ கூட்டுகிறார். எதைக் கூட்டுகிறார்? தாளில் இருந்தபோது அது உயிரற்ற வரி. அவர் பேசிய பிறகு அதிலே ஒரு தந்தையின் பரிவு இருக்கிறது. ஒரு மருத்துவரின் உறுதி இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவரின் அக்கறை இருக்கிறது. தாளில் இருந்தது செய்தி. குரல் ஊட்டியது நம்பிக்கை. விளம்பரக்காரர் விலை கொடுத்து வாங்குவது அந்த நம்பிக்கையைத்தான். வெறும் ஒலி போதுமென்றால் தெருவில் போகும் எவரையும் அழைத்துப் படிக்கச் சொல்லலாமே! எதைக் கூட்டி விற்கிறோமோ அதற்கு நாமே பொறுப்பு. பொய்யை எழுதியவனுடைய குற்றம் அவனுடையது. அந்தப் பொய்யை நம்பும்படி செய்த பங்கு குரலுடையது.

இரண்டாவது எதிர்வாதம் இன்னும் பழையது: "நான் மறுத்தால் வேறொருவன் செய்வான். செய்தானே! மறுத்ததால் கண்ட பயன் என்ன?"

இந்த ஒரு வாதத்தை ஏற்றுக்கொண்டால் உலகத்துக் கொடுமைகள் எவற்றுக்கும் ஆளே இல்லாமல் போய்விடும். கையூட்டு வாங்குபவனும் இதையே சொல்வான். கலப்படம் செய்பவனும் இதையே சொல்வான். நான் இல்லையேல் அவன், அவன் இல்லையேல் இவன் என்று விரல்கள் சுற்றிச் சுற்றி நீளும். கொடுமை மட்டும் நடுவில் கொலுவிருக்கும். "வேறொருவன் செய்வான்" என்பது வேறொருவனைப் பற்றிய செய்தி. நம்மைப் பற்றிய கேள்விக்கு அது விடையாகாது.

எனினும் ஒன்றைச் சொல்லாமல் போனால் நாம் நியாயம் தவறியவர்கள் ஆவோம். மாதம் பிறந்தால் சம்பளம் வாங்கும் நாம், சனிக்கிழமை தொலைபேசிக்காகக் காத்திருப்பவரை நோக்கி அறம் உரைப்பது எளிது. அந்த நண்பர் இழந்தது ஒரு நாள் ஊதியம் மட்டுமன்று. ஒரு கூடத்தின் வாயிலையே இழந்தார். அவருக்குப் பதிலாகப் பேசியவரின் வீட்டிலே அன்று என்ன நெருக்கடியோ, நாம் அறியோம். பசியால் பேசியவனையும், பேராசையால் பேசச் சொன்னவனையும் ஒரே தராசில் நிறுத்துவது அறமாகாது. தனியொருவர் மறுத்தால் அது ஒழுக்கம். தொழிலாளர் அனைவரும் ஒன்றுகூடி மறுத்தால் அது சீர்திருத்தம். ஒழுக்கத்தைப் போற்றிவிட்டு, சீர்திருத்தத்தை மறந்துவிட்டால், நல்லவர்களைப் பட்டினி போட்டு அழகு பார்த்தவர்கள் ஆவோம்.

சட்டம் இல்லாமலா இருக்கிறது? இத்தகைய மருந்து விளம்பரங்களைத் தடுக்கும் சட்டம் 1954-ஆம் ஆண்டிலேயே வந்துவிட்டது. சர்க்கரை நோயும் அதன் பட்டியலில் உண்டு. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமோ, பொய் விளம்பரத்துக்குச் சான்று கூறுவோர்மீது பத்து இலட்சம் ரூபாய் வரை தண்டம் விதிக்க இடம் தருகிறது. தக்கவாறு விசாரித்துப் பார்த்தேன் என்று மெய்ப்பிப்பவருக்கு விலக்கும் அளிக்கிறது. நன்று! ஆனால் ஊரறிந்த முகத்தைத் தேடிப் பிடிப்பது எளிது. பெயரே இல்லாத குரலை எங்கே சென்று தேடுவது? சட்டம் தேடாத இடத்தில் மனச்சான்று ஒன்றே காவல்.

அந்தக் காவல் எங்கிருந்து வந்தது என்பதை, நண்பரின் ஞாயிற்றுக்கிழமையைக் கண்டபோது ஓரளவு புரிந்துகொண்டோம்.

ஞாயிறு அவருக்குப் பொம்மை நாள். மொட்டைமாடியில் கல்யாண முருங்கைக் கட்டை காய்ந்துகொண்டிருக்கும். கனமில்லாத மரம்; உளிக்கு இணங்கும் மரம்; தமிழகத்துப் பொம்மலாட்டக்காரர்கள் வழிவழியாகக் கையாளும் மரம். அதிலே முகம் செதுக்கி, இழைத்து, வண்ணம் தீட்டி, பழைய வேட்டிக் கரையிலும் சேலைத் தலைப்பிலும் உடை தைத்து, மூட்டுக்கு மூட்டு நூல் கட்டுவார். ஒரு பொம்மைக்குப் பல ஞாயிறுகள் ஆகும். விற்பதில்லை. பள்ளிகளிலும் தெரு முனையிலும் குழந்தைகளுக்கு ஆட்டிக் காட்டுவார். வாரம் முழுதும் முகமில்லாத குரலாக இருப்பவர், ஞாயிறன்று குரலுக்கு முகம் செய்கிறார்! செதுக்கியவரும் அவரே, ஆட்டுபவரும் அவரே, பேசுபவரும் அவரே. தோற்பாவைக் கூத்திலும் இப்படித்தான். வெண்திரைக்குப் பின்னே ஒருவரே பாவைகள் பலவற்றையும் இயக்கி, அத்தனைக்கும் குரல் கொடுப்பார்.

நம் பொம்மலாட்டத்தில் ஒரு சிறப்புண்டு. இந்தியாவின் மரபுப் பொம்மைகளிலேயே மிகப் பெரியவையும் கனமானவையும் தமிழகத்தவை. நாலரை அடி உயரம், பத்துக் கிலோ எடை என்னும் அளவிலும் இருக்கும். அவ்வளவையும் விரல்நுனியில் தாங்க முடியுமா? ஆட்டுபவர் தம் தலையிலே கிரீடம்போல் ஓர் இரும்பு வளையத்தைச் சூடிக்கொள்கிறார். பொம்மையின் கயிறுகள் அந்த வளையத்தில் பிணைக்கப்படுகின்றன. கைகளை இயக்கக் கம்பிகள். பொம்மை துள்ளுகிறது, சுழல்கிறது, நாட்டியம் ஆடுகிறது. கண்டவர், "ஆகா, காற்றாய் ஆடுகிறதே!" என்பர்.

நண்பர் சொன்னார்: "பொம்மைக்கு எடையே தெரியாது, தம்பி. அத்தனை எடையும் ஆட்டுகிறவன் தலையில்."

தோழர்களே, இந்த ஒரு வரியை ஊன்றி எண்ணுங்கள். மேலே ஒருவன் கயிறு பிடித்திருக்கிறான், நாமெல்லாம் ஆடும் பாவைகள் என்று காலங்காலமாக நமக்கு ஓதப்பட்டது. ஓதியவர்கள் பொம்மலாட்டத்தைக் கண்டதுண்டா? பொம்மை தவறி விழுந்தால் பொம்மையை எவரும் தண்டிப்பதில்லை, ஆட்டியவரையே ஏசுவர். இவர்களோ ஆட்டுபவன் மேலே என்கிறார்கள். அடியை மட்டும் ஆடியவனுக்குப் போடுகிறார்கள்! எடை அவன் தலையில் என்றால் பாவமும் அவன் தலையில் அன்றோ இருக்க வேண்டும்? பாவம் நம் தலையில் என்றால் கயிறும் நம் கையில் அன்றோ இருக்க வேண்டும்? இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று கேட்டால் விடையில்லை. கயிறு மேலே இல்லை என்பதே விடை. நாம் தாங்கும் எடையே அதற்குச் சான்று.

வள்ளுவரும் மரப்பாவையைக் காட்டுகிறார். நாணுடைமை என்னும் அதிகாரத்தின் முடிவிலே, உள்ளத்தில் நாண் இல்லாதவர் நடமாடுவது, மரப்பாவை நாணால் ஆட்டப்பட்டு உயிருள்ளதுபோல் மயக்குவதற்கு நிகர் என்கிறார். நாண் என்றால் வெட்கம். நாண் என்றால் கயிறு. ஒரே சொல்லில் இரு பொருளையும் பிணைத்த நயத்தைப் புலவர்கள் பாராட்டட்டும். நாம் பொருளைப் பார்ப்போம். பிறர் சொல்லைப் பேசுபவன் பொம்மை என்று அவர் சொல்லவில்லை. பிறர் கீழ்ப் பணி செய்பவன் பொம்மை என்றும் சொல்லவில்லை. இழிசெயல் செய்ய உள்ளே கூசாதவன் எவனோ, அவனே பொம்மை என்றார். உள்ளே நாண் உள்ளவனை வெளியே நாண் கட்டி ஆட்ட முடியாது. தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்த அந்த வியாழக்கிழமை, நம் நண்பரின் உள்ளிருந்த நாண் வெளியிலிருந்த நாணை அறுத்தது.

பொறுப்பு என்று இவ்வளவு பேசினோம். பொறுப்பைச் சுமப்பவருக்கு உரிமை எங்கே? இதைக் கேளாவிட்டால் நம் அறம் அரை அறம்.

குரல் கொடுப்போரின் பெயரை மறைப்பது உலகெங்கும் வழக்கமாக இருந்தது. அமெரிக்காவில் மார்னி நிக்சன் என்னும் பாடகி, 1956-இல் 'தி கிங் அண்ட் ஐ', 1961-இல் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி', 1964-இல் 'மை ஃபேர் லேடி' ஆகிய படங்களில் புகழ்பெற்ற நடிகைகளுக்காகப் பாடினார். திரையில் அவர் பெயர் இல்லை. பாடல் உலகைச் சுற்றியது. பாடியவர் பெயர் அறைக்குள் அடைந்து கிடந்தது. சித்திரப் படங்களில் முயலாகவும் வாத்தாகவும் பன்றியாகவும் பேசிய மெல் பிளாங்க் என்பவரோ, ஊதிய உயர்வு கேட்டபோது மறுக்கப்பட்டதாகவும், அப்படியானால் பெயரையாவது திரையில் போடுங்கள் என்று கேட்டுப் பெற்றதாகவும் சொல்லியிருக்கிறார். காசு கேட்டவருக்குப் பெயர் கிடைத்தது. அந்தப் பெயரே பிறகு அவருக்கு வேலைகளைத் தேடித் தந்தது.

சப்பானியரின் புன்ராக்கு என்னும் பொம்மலாட்டத்தைப் பாருங்கள். ஒரு பெரிய பொம்மையை மூவர் சேர்ந்து இயக்குவர். எல்லாப் பாத்திரங்களுக்கும் பேசும் உரைஞர் திரைக்குப் பின்னால் ஒளிவதில்லை. மேடையின் பக்கத்தில், அவையோர் காண அமர்ந்து, தொடங்குமுன் கதை ஏட்டை நெற்றிமட்டும் உயர்த்தி வணங்கிவிட்டுப் பேசத் தொடங்குவார். சொல் பிறருடையது, அந்தச் சொல்லுக்கு மதிப்பளித்து, தம் முகத்தை வெளிக்காட்டி, குரலைத் தருகிறார். அங்கே எவரும் அவரைப் பொம்மை என்று எண்ணுவதில்லை. மறைப்புதான் இழிவு செய்கிறது; தொழில் இழிவு செய்வதில்லை.

பெயரைப் பறித்துக்கொண்டு பொறுப்பை மட்டும் சுமத்துவது எந்த ஊர் நீதி? "நீ யார் என்று சொல்லமாட்டோம், ஆனால் நீ நல்லவனாக இருக்க வேண்டும்" என்று கேட்கும் தகுதி நமக்கில்லை. பெயரும் உரிய ஊதியமும் தருவதோடு, மறுத்தால் வேலை போகாது என்ற காப்பையும் கொடுங்கள். பிறகு பொறுப்பைக் கேளுங்கள். பொறுப்பும் உரிமையும் பொம்மையின் இரு கைகள். ஒன்றை வெட்டிவிட்டு மற்றதைக் கும்பிடச் சொன்னால் எப்படிக் கும்பிடும்?

இந்த உரிமை வழக்கு இன்று புதிய கட்டத்துக்கு வந்திருக்கிறது. ஒருவர் பேசிய பதிவுகளைக் கொண்டு, அவர் பேசாததையும் அவர் குரலிலேயே பேசவைக்கும் கருவிகள் வந்துவிட்டன. 2024-இல் வெளிவந்த 'லால் சலாம்' படத்தின் பாடலொன்றில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்கியா, சாகுல் அமீது ஆகியோரின் குரல்கள் செயற்கை நுண்ணறிவால் மீட்டெடுக்கப்பட்டன. குடும்பத்தாரின் ஒப்புதல் பெற்று, உரிய ஊதியமும் அளித்ததாக இசையமைப்பாளர் ஏ. ஆர். ரகுமான் அறிவித்தார். ஒப்புதல் கேட்கும் பண்பு அங்கே இருந்தது. கேளாமலே எடுப்போரும் இருப்பதால்தான், அதே ஆண்டு சூலையில் பாடகர் அரிசித் சிங் பம்பாய் உயர் நீதிமன்றத்தை நாடித் தம் குரலைப் போலி செய்வதற்கு இடைக்காலத் தடை பெற்றார். அமெரிக்காவில் 2023-இல் நடிகர் சங்கம் 118 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, செயற்கை நுண்ணறிவு முக்கியக் கோரிக்கைகளுள் ஒன்று. 2024 சூலையில் தொடங்கி ஏறத்தாழ ஓராண்டு, கணினி விளையாட்டுகளுக்குக் குரல் கொடுப்போர் இதே சிக்கலுக்காகப் போராடினர்.

புகழ்பெற்றவருக்கு நீதிமன்றம் இருக்கிறது. நாடறிந்த சங்கம் இருப்போருக்குப் போராட்டம் இருக்கிறது. மாமனாராகவும் கரடியாகவும் பேசிய நம் நண்பருக்கு என்ன இருக்கிறது? நாளை அவர் மறுத்த அதே பொடிக்கு, அவர் குரலைக்கொண்டே ஒரு கருவி பேசுமானால்? அன்று அவரால் எழுந்து வெளியேற முடியாது. எழுந்து வெளியேற அங்கே அவர் இருக்கவே மாட்டார். ஒரு மனிதனிடமிருந்து அவன் குரலைத் திருடுவதைவிடக் கொடியது ஒன்றுண்டு. அவனுடைய மறுப்பைத் திருடுவது. மறுக்கும் ஆற்றல்தான் மனிதனுக்கும் மரப்பாவைக்கும் இடையே உள்ள வேலி. கருவிக்கு மறுக்கத் தெரியாது. ஆனால் கருவி தானாகப் பேசுவதும் இல்லை. எவ்வளவு மெல்லிய நூலானாலும் அதன் மறுமுனையில் ஒரு கை இருக்கிறது. அந்தக் கைக்கு ஒரு முகவரி இருக்கிறது. "இயந்திரம் பேசியது" என்று சொல்வோரை நம்பாதீர். "விதி ஆட்டியது" என்று சொன்னவர்களின் புதுப் பேரர்கள் அவர்கள்.

இனி நம் பக்கம் திரும்புவோம். கூண்டில் நாமும் நிற்கிறோம் என்றோம் அல்லவா? தலைவர் நேற்று மேடையில் சொன்னதை இன்று தெருவில் சொல்கிறோம். ஏடு எழுதியதை வகுப்பில் சொல்கிறோம். அதில் இழிவில்லை, பிறரிடம் கற்காத சொல் எவரிடம் உண்டு? மொழியே முன்னோர் தந்த இரவல்தானே! ஆனால் சொல்லுமுன் எடை பார்த்தோமா? கேட்பவர் கேள்வி கேட்டால், "அவர் சொன்னார்" என்று பின்னால் திரும்பிக் காட்டுகிறோமா, "நான் சொல்கிறேன், காரணம் இது" என்று முன்னால் நின்று பேசுகிறோமா? வெள்ளிக்கிழமைக் கூட்டக் குரலிலே, 'வாழ்க'வும் 'ஒழிக'வும் ஒரே தொண்டையிலிருந்து வரலாம்; அது கதை, அதற்கு ஊதியம் உண்டு. நம் தெருவிலும் அவ்வாறே வருமானால் அதற்குப் பெயர் என்ன?

பகுத்தறிவு என்பது பிறர் சொல்லைப் பேசாதிருப்பதன்று. பேசும் சொல்லின் எடையைத் தன் தலையில் ஏற்றுக்கொள்வது. ஏற்க முடியாத சொல் வரும்போது, தாளை மேசைமேல் வைத்துவிட்டு எழுவது. எழுந்தவர் தனியராய்ப் பசித்திருக்கவிடாமல் அவரோடு சேர்ந்து எழுவது. அவ்வாறு எழும் இளைஞர் கூட்டம் ஒன்று இந்நாட்டில் பெருகுமானால், அவர்களை ஆட்டிவைக்க எந்தக் கயிற்றுக்கும் நீளம் போதாது.